முழங்கால் வலியும் 600 கோடி கிலோமீட்டரும்

என் அத்தைக்கு முழங்கால் வலி. சில வருடங்களாகவே இருக்கிறது. தினமும் காலையில் சாமி கும்பிடும்போது அதையும் ஒரு விண்ணப்பமாகச் சேர்த்துவிடுவார். எந்தச் சாமி என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

போன வாரம் வீட்டுக்கு வந்த நண்பன், அத்தை கும்பிட்டு முடித்து மெதுவாக எழுந்து வந்ததும், போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டினான். பலரும் பார்த்திருப்பீர்கள். வாயேஜர் 1 விண்கலம் 1990 பிப்ரவரி 14 அன்று, சுமார் 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து திரும்பிப் பார்த்து எடுத்த பூமியின் படம். சூரிய ஒளிக்கீற்று ஒன்றில் ஒரு புள்ளி. ஒரு பிக்சலைக்கூட முழுதாக நிரப்பாத புள்ளி.

"இதுதாம்மா நாம. இந்தத் தூசியில இருந்துக்கிட்டு உங்க முழங்கால் வலியைச் சொன்னா, கேக்க ஒருத்தர் உக்காந்திருக்காருன்னு நம்புறீங்களா?"

அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தை நிதானமாகப் பார்த்தார். "இம்புட்டையும் பாத்துக்கிறவருக்கு என் முழங்காலு ஒரு பாரமாப்பா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

நண்பன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு யோசித்துப் பார்த்தபோது, அந்த வாதத்தில் தோற்றது நண்பன்தான் என்று பட்டது. நான் தினமும் கும்பிடுகிற ஆள் இல்லை. கேட்டால் "தெரியாது" என்று சொல்லும் ரகம். ஆனாலும் சொல்கிறேன்.

பிரபஞ்சம் ரொம்பப் பெரியது, அதனால் கடவுள் நம்மைக் கவனிக்க மாட்டார் என்பது எந்த மாதிரிக் கடவுளைப் பற்றிய வாதம்? மேசை நிறையக் கோப்புகளை வைத்துக்கொண்டு, சின்ன விஷயத்துக்கெல்லாம் நேரமில்லை என்று சொல்லும் ஒரு பெரிய அதிகாரியைப் பற்றியது. கவனம் பங்கு போட்டால் குறைந்துபோவது நமக்கு. எல்லையில்லாதது என்று ஒன்றை ஒத்துக்கொண்டு பேச ஆரம்பித்தால், அதற்குக் கவனப் பற்றாக்குறை வரும் என்று சொல்வது கணக்குக்கே ஒத்துவராது. அப்படி ஒன்று இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு இந்தப் படத்தில் பதில் இல்லை.

அதோடு, பூமி ஒரு புள்ளி என்பது 1990இல் திடீரென்று தெரிந்த செய்தியும் இல்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வானியலாளர் தாலமி, பூமியைத் தூக்கி நடுவில் வைத்த அதே ஆள், வானத்தின் அளவோடு ஒப்பிட்டால் பூமி ஒரு புள்ளிதான் என்று எழுதியிருக்கிறார். நம் பக்கம் வந்தால், ஆயிரம் ஆண்டுக்கும் முந்தைய திருவாசகத்தில் திருவண்டப்பகுதி என்று ஒரு பகுதி. நூற்றொரு கோடிக்கும் மேலே விரிந்து கிடக்கும் அண்டங்கள், வீட்டுக்குள் நுழைகிற வெயில் கீற்றில் மிதக்கும் தூசி போலச் சிறுத்துத் தெரியும்படி அவன் பெரியவன் என்கிறார் மாணிக்கவாசகர். வெயில் கீற்று, அதில் தூசி. வாயேஜர் படத்தில் இருப்பதும் அதுதான்! நண்பன் அதைப் பார்த்துச் சாமி இல்லை என்றான். மாணிக்கவாசகர் அதே காட்சியை நினைத்து உருகினார். காட்சி ஒன்றுதான்; நாம் எதைக் கொண்டுபோனோமோ அதைத்தான் அது திருப்பித் தருகிறது.

சரி, இந்தப் பத்தியை வெட்டி எடுத்து "அன்றே சொன்னார்கள் நம் முன்னோர்கள்" என்று யாராவது சுற்றில் விடுவதற்குள் அதையும் பேசிவிடுகிறேன்.

பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது 454 கோடி ஆண்டு, பார்த்தீர்களா எவ்வளவு நெருக்கம் என்று ஒரு செய்தி வருடத்துக்கு நாலு முறையாவது எனக்கு வந்துவிடுகிறது. 432 கோடி என்பது ஒரு கல்பத்தின், அதாவது பிரம்மாவின் அந்த ஒரு பகலின், முழு நீளம். ஆனால் அதே மரபின் கணக்குப்படி இந்தக் கல்பத்தில் இதுவரை கழிந்தது சுமார் 197 கோடி ஆண்டுகள்தான், பாதிகூட ஆகவில்லை. ஆக, எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று பார்க்காமல், இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்பதற்காகக் கைதட்டுகிறோம். பூமிக்கு 454 கோடி என்பது விண்கற்களிலும் பாறைகளிலும் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து வந்த எண். கல்பம் என்பது காலத்தின் பிரம்மாண்டத்தை மனதில் பதிய வைக்க வந்த எண். அப்படியொரு பெரிய கற்பனை அவர்களுக்கு வாய்த்ததே, அதுவே எனக்கு வியப்பாக இருக்கிறது. அதை ஆய்வுக்கூடச் சான்றிதழாக்க நினைப்பதுதான் அவர்களைச் சின்னதாக்குகிறது.

இன்னொன்றும் உண்டு. கோபர்நிக்கஸ் 1543இல் பூமியை நடுவிலிருந்து தூக்கிப்போட்டு மனிதனின் கர்வத்தை உடைத்தார் என்று பள்ளியிலிருந்தே கேட்டு வருகிறோம். நானும் வெகு காலம் நம்பினேன். ஆனால் அன்றைய ஐரோப்பியர்களுக்கு நடு என்பது கௌரவமான இடமே இல்லை. கனமானதும் அழுக்கானதும் வந்து படியும் அடிமட்டம் அது. மேலே போகப் போகத்தான் தூய்மை. இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் சாத்தானைப் பனியில் உறைந்தபடி வைத்திருப்பது பூமியின் சரியான மையத்தில். 1610இல் கலிலியோ, பூமியும் மற்ற கோள்களைப் போல ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அது பிரபஞ்சத்தின் குப்பைகள் வந்து சேரும் குழி இல்லை என்று எழுதியபோது, அவர் பூமியைக் கீழே தள்ளவில்லை. மேலே தூக்கிவிட்டார். (1633இல் அவரை விசாரித்து வீட்டுச் சிறையில் வைத்ததை நான் மறக்கவில்லை. அது அதிகாரம் செய்த வேலை. 1992இல்தான் போப் இரண்டாம் ஜான் பால் அந்தத் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 359 வருடம்!)

அப்படியானால் வானியல் நம்பிக்கையை ஒன்றுமே செய்யவில்லையா? செய்தது. ஆனால் இடத்தால் இல்லை, காலத்தால்.

பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள். நம் இனம் தோன்றி ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகள். இதை ஒரு புத்தகமாக நினைத்துக்கொள்ளுங்கள், பக்கத்துக்கு 3 லட்சம் ஆண்டு. புத்தகம் 46,000 பக்கம் வரும். பூமியே 31,000ஆவது பக்கம் வாக்கில்தான் தலைகாட்டுகிறது. டைனோசர்கள் ஐந்நூறு பக்கங்களுக்கு மேல் வாழ்ந்துவிட்டு, முடிவதற்கு 220 பக்கம் முன்னால் ஒரு விண்கல் விழுந்து மறைகின்றன. மனிதன் வருவது கடைசிப் பக்கத்தில். அந்தப் பக்கத்துக்கு முப்பது வரி என்று வைத்தால், எழுத்து, வேதம், கோயில், தேவாலயம், மசூதி, நாம் பேர் சொல்லித் தெரிந்த அத்தனை தீர்க்கதரிசிகளும் ஞானிகளும் ஏறக்குறைய கடைசி அரை வரிக்குள்.

இந்தப் புத்தகம் முழுக்க என்னைப் பற்றியது என்று அந்த அரை வரி சொன்னால் எப்படி இருக்கும்?

இங்கேதான் எனக்கு உண்மையிலேயே இடறுகிறது. அத்தைக்குப் பதில் சொல்ல முடியாமல் நான் நிற்கும் இடமும், அத்தை எனக்குப் பதில் சொல்ல முடியாத இடமும் இதுதான். யாருமே கும்பிட இல்லாத பக்கங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது? பிறப்பு, பசி, வலி, சாவு. ஒரு வகைக் குளவி உயிரோடிருக்கும் புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சுகள் அந்தப் புழுவை உள்ளிருந்தே தின்று வளரும். கருணையுள்ள கடவுள் இதைத் திட்டம் போட்டுப் படைத்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை என்று 1860இல் டார்வின் தன் நண்பருக்குக் கடிதம் எழுதினார். மனிதன் செய்த பாவத்துக்குத் தண்டனை என்றால், மனிதனே இல்லாத கோடிக்கணக்கான ஆண்டுகளில் அந்தப் புழுக்கள் யார் கணக்கைத் தீர்த்தன? கர்மா, மறுபிறப்பு என்று போனால் புழுவையும் கணக்கில் சேர்க்கலாம், அந்த வகையில் கொஞ்சம் நீளமாக ஓடும் பதில் அது. ஆனால் முதல் புழுவின் முதல் கணக்கு எங்கே தொடங்கியது என்று கேட்டால் அங்கேயும் ஒரு மௌனம்தான். புத்தர் இந்த விஷயத்தில் உஷார். உலகத்துக்குத் தொடக்கம் உண்டா, முடிவு உண்டா என்று கேட்டபோது, விஷ அம்பு தைத்தவன் அதை எய்தவன் குலம் என்ன, ஊர் என்ன என்று விசாரித்துக்கொண்டிருந்தால் செத்துப்போவான், முதலில் அம்பைப் பிடுங்கு என்று சொல்லிவிட்டார். பதில் சொல்லாமல் விடுவதையும் ஒரு பதிலாக்கிய ஆள்.

எல்லாம் எனக்காகத்தான் என்ற எண்ணத்தை விட்டுவிட்டால் நம்பிக்கைக்கு என்ன மிஞ்சும் என்று கேட்பவர்களுக்கு நான் ஒருவரைக் காட்டுவேன். ஜார்ஜ் லெமேத்ர், பெல்ஜியத்துக் கத்தோலிக்கப் பாதிரியார். பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது என்று 1927இலேயே, அமெரிக்க வானியலாளர் ஹபிளுக்கு இரண்டு வருடம் முன்பே, எழுதியவர். 1931இல், பின்னோக்கிப் போனால் எல்லாம் ஒரு ஆதி அணுவில் போய் நிற்கும் என்றார். பெருவெடிப்புக் கொள்கையின் விதை அதுதான். நாத்திகரான பிரிட்டிஷ் வானியலாளர் ஃபிரெட் ஹாயிலுக்கு இதில் மத வாடை அடித்தது, ஏற்கவே இல்லை. பெருவெடிப்பு என்று நாம் மொழிபெயர்த்துச் சொல்லும் பெயரே அவர் 1949இல் வானொலியில் சொன்னதுதான். மறுபக்கம், 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், படைப்பை அறிவியல் உறுதி செய்துவிட்டது என்ற தொனியில் பேசினார். ஒரு பாதிரியாருக்கு இதைவிடப் பெரிய வெற்றி ஏது? லெமேத்ருக்கு அது பிடிக்கவில்லை. இந்தக் கொள்கை மதக் கேள்விக்கு வெளியே நிற்கிறது, கடவுளை மறுப்பவனும் இதைத் தாராளமாக ஏற்கலாம் என்பது அவர் நிலை. அடுத்த ஆண்டு ரோமில் வானியலாளர்கள் கூடியபோது போப் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

காலையில் பூசை, பகலில் சமன்பாடு. ஒன்றை வைத்து இன்னொன்றுக்கு முட்டுக் கொடுக்கவில்லை. அவருடைய கடவுள் நாளைக்கு வரும் ஆய்வு முடிவுக்குப் பயந்து நகம் கடிக்க வேண்டியதில்லை. நான் மதிக்கும் நம்பிக்கை இந்த வகை. 1965இல் பெருவெடிப்பின் மிச்ச வெப்பம் நுண்ணலையாகப் பிடிபட்டது. (அதைப் பிடித்த பென்ஸியாஸும் வில்சனும், ஆண்டெனாவில் விடாமல் கேட்ட அந்த இரைச்சலுக்குக் காரணம் ஆண்டெனாவில் புறா போட்ட எச்சமோ என்று சந்தேகப்பட்டுச் சுரண்டிக் கழுவியது தனிக் கதை.) அடுத்த வருடம் இறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் செய்தி லெமேத்ரின் காதுக்கு எட்டியது.

என் நண்பனிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் வெறும் தூசி என்று சொல்லும்போது உன் குரலில் ஒரு பிரசங்கியார் வந்து உட்கார்ந்துகொள்கிறார். தூசி என்பது அளவைப் பற்றிய உண்மை. "வெறும்" என்பது நீயாகச் சேர்த்தது. அந்தச் சொல்லைத் தொலைநோக்கியில் யாரும் பார்த்ததில்லை. வியாழன் பூமியைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் கொள்ளளவு உள்ளது, அதற்காக வியாழனுக்கு யாரும் எழுந்து நின்று வணக்கம் சொல்வதில்லை.

அத்தையிடம் மறுநாள் வேறு ஒரு கதை சொன்னேன். 2007இல் மலேசியாவிலிருந்து ஷேக் முஸாபர் ஷுக்கோர் என்பவர் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனார். ரமலான் மாதம். அந்த நிலையம் ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிடும், நாளைக்குப் பதினாறு முறை சூரியன் உதிக்கும். ஐந்து வேளைத் தொழுகைக்கு எந்த உதயத்தைக் கணக்கில் எடுப்பது? மக்கா எந்தப் பக்கம் என்று நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறதே? மார்க்க அறிஞர்களும் விஞ்ஞானிகளும் உட்கார்ந்து பேசி வழிகாட்டி ஒன்று தயாரித்தார்கள். நேரத்துக்கு, ஏவுதளம் இருக்கும் ஊரின் நேரம். திசைக்கு ஒரு வரிசை: முடிந்தால் மக்காவில் இருக்கும் காபாவை நோக்கி, இல்லையென்றால் காபாவுக்கு நேர் மேலே இருக்கும் இடத்தை நோக்கி, அதுவும் இல்லையென்றால் பூமியை நோக்கி, அதுவும் முடியாதென்றால் எந்தப் பக்கமானாலும் சரி. நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து, இல்லையென்றால் படுத்து, அதுவும் முடியாவிட்டால் கண்ணிமையால், கடைசியில் மனதால்.

அத்தை எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். "அந்தப் பையன் அங்க என்ன வேலையாப் போனான்?" என்றார். அவர் எலும்பு மருத்துவர் என்று சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

"அங்க எடையே இருக்காதுன்னு சொன்னேல்ல? அப்ப முழங்காலும் வலிக்காதுல்ல?"