காந்திமதி போன பிறகு

நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி 2025 ஜனவரியில் போய்ச் சேர்ந்தாள். ஆனாலும் ரத வீதியில் டீ குடிக்க நின்றால் யாராவது ஒருத்தர் "புது யானை எப்ப வரும்?" என்று ஆரம்பித்துவிடுகிறார். நேற்று கடை அண்ணாச்சியே கேட்டார். "யானை இல்லாம கோயிலே வெறிச்சுன்னு கெடக்கு தம்பி." எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. இருந்தாலும் வரக் கூடாது என்பேன்.

நானும் துதிக்கையில் காசு வைத்து வளர்ந்தவன்தான். உச்சந்தலையில் அந்த ஈர மூச்சு படும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வேன். ஆசீர்வாதம் என்று ஆச்சி சொல்லித் தந்தாள். இப்போது யோசித்தால், காசை வாங்கிப் பாகன் கையில் கொடுப்பதும் தும்பிக்கையைத் தூக்கித் தலையில் வைப்பதும் அங்குசத்துக்குப் பயந்து பழகிய வித்தை. சர்க்கஸ் யானைகளை முகாம்களுக்கு அனுப்பச் சொல்லி மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009-லேயே உத்தரவு போட்டது. கூடாரத்துக்குள் செய்தால் கொடுமை, கோபுர வாசலில் செய்தால் பக்தியா?

அவள் மேல் நமக்குப் பாசம் இல்லை என்று சொல்லவில்லை. மூட்டுவலியில் அவள் தவித்தபோது, 2022-ல், பக்தர்கள் சேர்ந்து 12,000 ரூபாய்க்குத் தோல் செருப்பு தைத்துப் போட்டார்கள். அந்தப் படத்தை நானும் இங்கே ஷேர் செய்தேன், இதயக் குறியோடு. மண்ணில் நடக்க வேண்டிய காலை வருஷக்கணக்காகக் கல்தளத்தில் நிறுத்தி வைத்தது யார் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் படுத்தவளைக் கிரேன் கட்டித் தூக்கிப் பார்த்தார்கள்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் திருச்செந்தூரில் தெய்வானை, தன் பாகனையும் அவர் உறவினரையும் கொன்றது. "சாதுவான யானையாச்சே!" என்று ஊரே ஆச்சரியப்பட்டது. காட்டில் பெண் யானை தாய், சித்தி, அக்கா, தங்கை என்று கூட்டத்தோடு சாகும்வரை வாழும். அதை ஒற்றையாகக் கட்டிப்போட்டுவிட்டுச் சாதுவா இல்லையா என்று நாம் சான்றிதழ் கொடுக்கிறோம். பாகனைத் திட்டுவதிலும் அர்த்தமில்லை. எந்நேரமும் அதன் காலடியில் உயிரைப் பணயம் வைத்து நிற்பவர் அவர்தான்.

கோயில்களும் தனியாரும் இனிப் புதிதாக யானை வாங்கக் கூடாது என்று 2023-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. அதற்கு முந்தின வருஷம் திருத்திய வனவிலங்குச் சட்டமோ, உரிமைச் சான்று உள்ள யானையை "மத அல்லது வேறு எந்த நோக்கத்துக்கும்" கைமாற்றலாம் என்கிறது. அந்த "வேறு எந்த" இருக்கிறதே, அதற்குள் ஊர்வலமும் அடங்கும், கல்யாண வரவேற்பும் அடங்கும்.

திருச்சூர் பக்கம் ஒரு கோயிலில் இயந்திர யானை வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பொம்மையாகத்தான் படுகிறது. ஆனால் பொம்மைக்கு மூட்டு வலிக்காது.

"அப்ப எம் பேரனுக்கு எதக் காட்டுறது?" என்றார் அண்ணாச்சி. களக்காடு, முண்டந்துறைக் காட்டில் நிற்கிறதே, நம் பக்கத்துக் காடுதானே, கண்ணில் பட்டால் காட்டுங்கள், படாவிட்டால் விட்டுவிடுங்கள் என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் மிச்சச் சில்லறையை எண்ணி வைத்தார்.