திரையில் நேர்க்கோடு, காதில் உயிரற்ற பாட்டு

மின்விசிறியை நிறுத்தி, வீட்டிலிருப்பவர்களைப் பேசாமல் உட்காரவைத்து, மைக்கை ஒன்பது இடங்களில் மாற்றி மாற்றி நிறுத்தி, கீழிருந்து மேலேறும் சோதனை ஒலியை ஒரு மாலை முழுவதும் சகித்த பிறகு, அறையால் ஸ்பீக்கரின் ஒலியில் நேரும் ஏற்ற இறக்கங்களைச் சமப்படுத்தும் அறைத் திருத்த மென்பொருள் எனக்குக் காட்டியது, எல்லா அதிர்வெண்களும் ஒரே அளவில் ஒலிப்பதாகச் சொல்லும் ஓர் அழகான நேர்க்கோடு. 'திருத்தத்துக்குப் பின்' என்று தலைப்பிட்டிருந்த அந்தக் கோடு அளந்து வரையப்பட்டது அன்று. ஒலி இனி இப்படித்தான் இருக்கும் என்று மென்பொருளே கணக்குப் போட்டு வரைந்துகொண்டது. தேர்வெழுதியவனே தன் தாளைத் திருத்தி நூற்றுக்கு நூறு போட்டுக்கொள்வதை நான் எப்படி ஏற்பது?

தனியாக ஒரு மைக்கை வைத்து மறுபடி அளந்தேன். 71 ஹெர்ட்ஸில் ஒலி குன்றிக் கோடு கீழிறங்கும் பள்ளம் அப்படியே இருந்தது. ஸ்பீக்கர் பின்சுவரிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி நின்றால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை அந்த அதிர்வெண்ணில் நேரொலியோடு எதிரெதிராகச் சேர்ந்து அதை அழித்துவிடும். அங்கே எவ்வளவு ஊட்டினாலும் திரும்பி வரும் அலையும் அதே அளவு வளரும் என்பதால் பள்ளம் நிரம்பாது. 10 டெசிபெல் கூட்டினால் ஆம்ப்ளிஃபயர்தான் பத்து மடங்கு திறனைக் கொட்டித் திணறும். ஸ்பீக்கரைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாமே!

பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. 4 மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸ் அருகே பாஸ் ஒலி வீங்கி முழங்குவது இயல்பு. அந்த வீக்கத்தைக் குறைத்ததும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்த அடிநாதங்கள் தனித்தனியாகக் காதில் விழுந்தன. சுமார் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறையின் ஆட்சிதான் நடக்கிறது, அங்கே திருத்தம் நிச்சயமாகக் கேட்கிறது. அதற்கு மேலேயும் ஏன் கைவைக்க வேண்டும்? 5,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். தலையைச் சற்றே அசைத்தால் அளவீடு மாறிவிடும். காது நேரொலியையும் எதிரொலியையும் பிரித்துணரும், மைக்கோ இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கும். நல்ல ஸ்பீக்கரின் குரலை அப்படிச் சுரண்டித்தான் மென்பொருள்காரர்கள் என் பாட்டை உயிரற்றதாக்கினார்கள். 2009-இல் ஒலியியல் ஆய்வாளர் ஷான் ஓலிவ் குழுவினர் ஆள்களை வைத்து நடத்திய கேட்புச் சோதனையில், சில திருத்தங்கள் திருத்தமே செய்யாத ஒலியைவிடத் தாழ்ந்த மதிப்பெண் பெற்றன. இது தெரிந்தும் எல்லா அதிர்வெண்களையும் நேராக்குவதைப் பெருமையாக விற்கிறார்கள்.

திருத்திய ஒலியையும் திருத்தாத ஒலியையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தரும் பொத்தானிலும் நேர்மையில்லை. அதை அழுத்தும்போது ஒலியளவும் சேர்ந்து மாறுகிறது, ஒரு டெசிபெல் உரக்கக் கேட்பதே காதுக்குச் சிறந்ததாகத் தோன்றும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் 'ஆகா, தலைகீழ் மாற்றம்' என்பவரும் 'ஒன்றுமே மாறவில்லை' என்பவரும் எதைக் கேட்டுத் தீர்ப்பளிக்கிறார்கள்?

கடைசியில், திருத்தத்தை 250 ஹெர்ட்ஸோடு நிறுத்திக்கொள்ள வழி தேடினேன். எனக்கு உண்மையில் தேவைப்பட்ட அந்த ஒரே வசதிக்குத் தனிக் கட்டணமாம்!