பருத்தி நூலும் இரண்டு ஊசியும்

"கோயம்புத்தூர் வெயிலுக்கு எதுக்குங்க ஸ்வெட்டர்?" ஊசியும் நூலுமாக நான் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நிட்டிங் (இரண்டு ஊசியால் நூலைப் பின்னித் துணியாக்குவது) என்றாலே கம்பளி, கம்பளி என்றாலே ஊட்டி, கொடைக்கானல், இல்லாவிட்டால் வெளிநாடு என்று எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. இதில் எனக்கு ரொம்ப நாளாகவே ஆதங்கம் உண்டு. பின்னல் வெயில் ஊர்களுக்கும் சொந்தம், பருத்திக்கும் சொந்தம்.

இதுவரை கிடைத்திருக்கும் மிகப் பழைய நிட்டிங் துணிகள் எங்கே கிடைத்தன தெரியுமா? எகிப்தில். ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டிலிருந்து அடுத்த சில நூற்றாண்டுகளைச் சேர்ந்த காலுறைகளும் துண்டுத் துணிகளும். பருத்தி நூல்தான். நீலமும் வெள்ளையுமாக வேலைப்பாடு, அந்த நீலம் அவுரிச் சாயம். (அதற்கும் பல நூற்றாண்டு முந்தைய எகிப்தியக் காலுறைகளும் உண்டு. செருப்பு வார் நுழைவதற்காகப் பெருவிரலைத் தனியாகப் பிரித்திருப்பார்கள், பார்க்கவே அழகு. ஆனால் அவை ஒற்றை ஊசியால் செய்தவை, அது வேறு நுட்பம்.) அவ்வளவு வெயிலில் பருத்தியில் பின்னிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு மட்டும் ஏன் இது அந்நியம்?

இன்னும் கிட்டே வருவோம். நீங்கள் போட்டிருக்கும் பனியனையோ டீ-ஷர்ட்டையோ கொஞ்சம் இழுத்துப் பிடித்து, செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிப்பக்கம் குட்டிக் குட்டி 'வி' வடிவங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிப் போகும். உள்பக்கம் திருப்பினால் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள். திருப்பூரில் இதற்குச் சிங்கிள் ஜெர்ஸி என்று பெயர். நான் இரண்டு ஊசியை வைத்து ஒரு வரிசை நிட் (நேர்ப்பின்னல்), ஒரு வரிசை பர்ல் (அதன் மறுபக்கப் பின்னல்) என்று போட்டால் வருவதும் அச்சு அசல் இதேதான். 30 இன்ச் டயா (விட்டம்), 24 கேஜ் (இன்ச்சுக்கு 24 ஊசி) மெஷினில் 2,200க்கு மேல் ஊசிகள் வட்டமாக நின்று வேலை செய்கின்றன. என் கையில் ஒரு நேரத்தில் ஒரு கண்ணி, அதாவது ஒரு நூல் வளையம்தான் நடக்கும். மற்றபடி இரண்டும் ஒரே வேலை. தறித்துணியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக நேராக ஓடும், அதனால் அது இழுபடாது. பின்னலில் நூல் வளைந்து வளைந்து கண்ணியாக நிற்பதால், இழுத்தால் கண்ணி விரிந்து கொடுக்கும், விட்டால் ஓரளவு பழைய இடத்துக்கு வரும். வேர்வையில் உடம்போடு பனியன் ஒத்துப்போவது இதனால்தான்.

சரி, இப்போது கையில் இருப்பவை. எனக்காக ஒரு கையில்லாத மேல்சட்டை. திருப்பூர் கோன் நூல், 20ஸ், எட்டு இழையை ஒன்றாகச் சேர்த்து 3 எம்எம் ஊசியில் பின்னுகிறேன். (நம்பர் ஏற ஏற நூல் மெலியும். ஒரு பவுண்டு நூல் 840 கஜம் வந்தால் அது 1ஆம் நம்பர், 20ஸ் என்றால் அதைப்போல 20 மடங்கு நீளம்.) வட்ட ஊசியில் (இரண்டு ஊசி முனைகளை ஒரு வளையும் கம்பி இணைத்திருக்கும்) கீழிருந்து மேலே சுற்றிச் சுற்றிப் போவதால் பக்கவாட்டில் தையலே கிடையாது. அண்ணியின் கைக்குழந்தைக்கு ஒரு தொப்பி, அது இரண்டு சாயங்கால வேலை. அப்புறம் பெரியம்மாவுக்கு ஒரு சால்வை. என் மனசு முழுக்க இப்போது இந்தச் சால்வையில்தான் இருக்கிறது.

ஓல்டு ஷேல் என்ற டிசைன். ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாண்ட் தீவுகளிலிருந்து வந்தது. நான்கே வரிசை, திரும்பத் திரும்ப. அதிலும் மூன்று வரிசை சாதாரணம், ஒரே வரிசையில்தான் வித்தை. பதினெட்டு கண்ணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறையும் இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்றாக்க வேண்டும். நடு ஆறில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஊசியில் ஒரு சுற்று நூல், அங்கே ஆறு புதுக் கண்ணிகள் பிறக்கும். கடைசி ஆறு மறுபடியும் மூன்றாகும். ஆறு போய் ஆறு வந்தது, கணக்கு நேர். ஆனால் துணி நேராக நிற்காது. சேர்த்த இடத்தில் உள்ளே இழுக்கும், புதுக் கண்ணி பிறந்த இடத்தில் விரிந்து ஓட்டை ஓட்டையாகத் திறக்கும். நாலு முறை போட்டுவிட்டுத் துணியை விரித்தால், யாரும் வளைக்காமலேயே கீழ் ஓரம் அலை அலையாக வந்து நிற்கிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு இதில் ஆனந்தம்தான். "கனமா இருக்காதே கண்ணு?" என்று பெரியம்மா போனில் கேட்டார். இவ்வளவு ஓட்டையுள்ள பருத்திச் சால்வை எப்படிக் கனக்கும்? மார்கழி விடியலில் கோயிலுக்குப் போக இது போதும்.

பருத்திக்கு என்று சில குணங்கள் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கம்பளி மாதிரி சுருங்கி விரியும் தன்மை அதற்குக் குறைவு. ஓரத்தில் போடும் ரிப் (இழுபடும் வரிவரியான பட்டை) சீக்கிரம் தளர்ந்துவிடும், அதனால் ஒரு அளவு சின்ன ஊசியில் போடுவேன். மாதிரித் துண்டு ஒன்று பின்னி, துவைத்துக் காயவைத்து, அதன்பிறகே அளவெடுப்பது நல்லது.

பின்னலில் எனக்குப் பிடித்த இன்னொன்று, எதுவும் கைவிட்டுப் போவதில்லை. போன வாரம் தம்பி மகனின் ஸ்வெட்டரில் ஒரு கண்ணி கழன்று, ஏணிப்படி மாதிரி கீழே வரை ஓடிவிட்டது. தூக்கிப் போடச் சொன்னார்கள். மெல்லிய குரோஷே ஊசியை (முனையில் கொக்கியுள்ள ஒற்றை ஊசி) கடைசிக் கண்ணிக்குள் விட்டு, மேலே நிற்கும் இழையைப் பிடித்து அதன் வழியாக இழுத்து, அப்படியே படிப்படியாக ஏறிப் போனால் போதும். பத்து நிமிஷத்தில் இருந்த இடம் தெரியவில்லை. பழைய ஸ்வெட்டரை முழுக்க அவிழ்த்து, நூலை நனைத்துக் காயவைத்து வேறொன்றும் பின்னலாம். வெட்டித் தைத்த துணியில் இது நடக்குமா?

"இவ்வளவு அழகாப் பண்றீங்க, விக்கலாமே" என்று அன்பாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பின்னி விற்றுப் பிழைப்பவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் கைக்குப் பிடித்த எல்லாவற்றுக்கும் விலைப்பட்டியல் போட வேண்டிய அவசியமில்லை என்று உறுதியாக நம்புகிறேன். பாட்டுப் பாடுகிறவரிடம் கட்டணம் எவ்வளவு என்றா முதலில் கேட்கிறோம்? 2016 ஜனவரியில் சென்னையில், பல ஊர்ப் பெண்கள் பின்னி அனுப்பிய துண்டுகளையெல்லாம் இணைத்து 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வையைச் செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். விற்பதற்காகவா அத்தனை பேர் பின்னினார்கள்?

பையன்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பின்னல் சங்கங்களில் ஆண்கள்தான் தொழில் பழகினார்கள். 1589இல் காலுறை பின்னும் சட்டக இயந்திரத்தை உருவாக்கிய வில்லியம் லீயும் ஆண்தான். இன்று திருப்பூரில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர்களில் எத்தனை ஆண்கள்! வீட்டில் ஊசியைத் தொட்டால் மட்டும் ஏன் சிரிக்க வேண்டும்?

கோவையில் இருப்பவர்கள், கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். ஞாயிறு சாயங்காலம் வீட்டிலேயே உட்காரலாம். 4 எம்எம் ஊசி என்னிடம் நிறைய இருக்கிறது, தருகிறேன். நூல் மட்டும் வாங்கி வாருங்கள். பருத்தியாக, வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பு நூலில் கண்ணி கண்ணுக்குத் தெரியாது.