ஸ்கெட்ச் ஓவியம் மட்டுமல்ல

'ஸ்கெட்ச்' என்றால் கோட்டோவியம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரிதான், ஆனால் அதோடு நிற்பதில்லை. கிளிநொச்சியில் காணி விஷயமாகப் போனபோது, "ஒரு ஸ்கெட்ச் கீறிக்கொண்டு வாங்கோ" என்றார்கள். கொப்பித் தாளில் வீடு, கிணறு, பனை வரிசை, வாய்க்கால் எல்லாம் கீறிக் கொடுத்தேன். அளவு கிடையாது, இடம் விளங்கினால் போதும். (கிணறு கொஞ்சம் பெரிதாகிவிட்டது.) நில அளவையாளர் அளந்து கீறுவது 'பிளான்', அது வேறு.

சொல்லின் பூர்வீகமும் இதற்குப் பொருத்தம்தான். இத்தாலிய மொழியிலிருந்து டச்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. கிரேக்க மூலத்துக்கு 'ஆயத்தமில்லாமல் சட்டென்று செய்தது' என்று பொருள். மேடையில் வரும் சின்ன நகைச்சுவைக் காட்சியும் ஆங்கிலத்தில் ஸ்கெட்ச்தான்.

தமிழ்நாட்டுப் படங்களில் "ஸ்கெட்ச் போட்டான்" என்றால் ஆளை மடக்கத் திட்டம் போட்டான் என்று அர்த்தம். அதை எங்கட பெடியளும் பிடித்துக்கொண்டார்கள்.