தட்டையாக வைத்தால் எந்த கிளேஸும் நல்ல பிள்ளைதான்
புது டிசைனை நேராகப் பெரிய பானையிலேயே செய்து பாருங்கள், கிளேஸ் (மண்பாண்டத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சு) எப்படி வரும் என்று பார்க்கச் சுடும் சோதனைத் துண்டெல்லாம் நேர விரயம் என்று உங்கள் மண்பாண்டப் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆங்கிலேய மண்பாண்டக் கலைஞர் வெட்ஜ்வுட் 1770களில் ஜாஸ்பர் என்ற புதுவகை மண்கலவையைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கான குட்டித் துண்டுகளைச் சுட்டு ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வைத்தார், அவற்றில் பல இன்றும் இங்கிலாந்தில் பார்லாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஆனால் துண்டு போடுவதிலும் ஒரு கிறுக்கு இருக்கிறது. நான் ஒரு பச்சை கிளேஸை உள்ளங்கை அளவு வில்லையில் பூசி, படுக்கவைத்துச் சுட்டேன், அவ்வளவு அழகு. அதையே ஜாடியில் பூசி 1220 டிகிரியில் வைத்தால் மொத்தமும் வழிந்து ஜாடி உலைத் தட்டோடு ஒட்டிக்கொண்டது, உளி வைத்துப் பெயர்த்ததில் இரண்டும் போச்சு. இப்போதெல்லாம் விரல் நீளத்துக்கு நிமிர்ந்து நிற்கிற துண்டுதான், பாதிக்குக் கோடு கீறி, மேல் பாதியை மட்டும் இரண்டு முறை கிளேஸில் முக்குவேன், எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் துண்டுக்கான அடையாள எண்ணைப் பென்சிலால் எழுதாதீர்கள், சூளையில் எரிந்து போய்விடும். மண் ஈரமாக இருக்கும்போதே குச்சியால் கீறிவிடுங்கள். அடையாளம் தெரியாத அழகான துண்டுகள் என்னிடம் ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றன.