கிருமிக்கும் அரைப் பேரா?

(இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஒரு லயக் காம்பரா, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் ஓர் அறை. மூன்று நாளாக விடாத மழை. கொழும்பில் கடைவேலை பார்க்கும் பேரன் தீபாவளிக்கு வந்திருக்கிறான். அவனைவிட அவன் வயிறுதான் நீண்ட விடுமுறை எடுத்திருக்கிறது. இன்றோடு நான்கு நாள்.)

பேரன்: அப்பாயி, நான் வாங்கிவந்த யோகட் எங்கே?

அப்பாயி: அடுப்பில். இந்தக் குளிரில் சில்லென்று தின்றால் சளி கட்டும். நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டேன்.

பேரன்: கொதிக்கவைத்தீர்களா! அதில் உயிரோடு கிருமி இருந்ததே!

அப்பாயி: பார்த்தாயா, நல்லவேளை!

பேரன்: நல்ல கிருமி அப்பாயி. வயிற்றுக்கு நல்லது.

அப்பாயி: தண்ணீரைக் கொதிக்கவை, கிருமி சாகும் என்று டிஸ்பென்சரியில் காலமெல்லாம் சொன்னார்கள். நீ காசு கொடுத்து வாங்கிவருகிறாய்.

பேரன்: மெச்னிகோவ் என்று ஒரு ரஷ்ய விஞ்ஞானி. 1908இல் நோபல் பரிசு வாங்கியவர். புளித்த பால் ஆயுளைக் கூட்டும் என்று தானும் தினமும் குடித்தார்.

அப்பாயி: எத்தனை வயது வரை இருந்தார்?

பேரன்: 71.

அப்பாயி: எனக்கு 79. வெறும் சாயத் தேத்தண்ணீர்.

(பேரன் பதில் தேடித் தொலைபேசியைத் தடவுகிறான். மழைக்குச் சிக்னல் இல்லை.)

அப்பாயி: சரி, அந்தக் கிருமி உள்ளே போய் எதைத் தின்னும்?

பேரன்: நமக்குச் செரிக்காத நாரை. வெங்காயம், பூண்டு, லீக்ஸ், அவித்து ஆறிய உருளைக்கிழங்கு. இவற்றைப் பெருங்குடலில் புளிக்கவைத்து, குடல் சுவருக்கு வேண்டிய அமிலங்களைச் செய்து தரும். இந்தத் தீனிக்குப் பெயர் ப்ரீபயோட்டிக்.

அப்பாயி: நேற்று லீக்ஸைப் பொறுக்கிப் பொறுக்கித் தட்டோரம் மதில் கட்டியது யார்?

பேரன்: ...

அப்பாயி: ஆளைக் கூட்டிவந்து இறக்கிவிட்டு, அரிசி போடாமல் வேலை வாங்குவாயோ? நீ தோட்டத் துரையாகப் பிறந்திருக்க வேண்டியவன். பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர்தான், பாதிநாள் சம்பளம்தான் என்றும் சொல்வாய்.

பேரன்: அவை சங்கத்தில் சேர்ந்துவிட்டன போலிருக்கிறது. நான்கு நாளாக வேலைநிறுத்தம்.

அப்பாயி: இந்தா, நேற்று அவித்த கிழங்கு. லீக்ஸும் இருக்கிறது.

பேரன்: திடீரென்று நார் கூடினால் வாயு பிடிக்குமாம் அப்பாயி.

அப்பாயி: இந்தக் காம்பராவில் ஆறு பேர் படுக்கிறோம். கொஞ்சம் கொஞ்சமாகத் தின்.

பேரன்: நான்கு கப்பும் கொதித்துவிட்டதா?

அப்பாயி: மூன்றுதான். ஒன்றைப் பூனை தட்டிவிட்டு நக்கிவிட்டது.

பேரன்: கொதிக்கவைப்பதற்கு முன்பா?

அப்பாயி: முன்புதான். காலையிலிருந்து இரண்டு தடவை வெளியே போய்வந்துவிட்டது.