மூணு காப்பி எடுக்கலாம்னு சட்டமே சொல்லுது!

காப்பிரைட் என்றதும் நம்மூர் நூலகர்களும் வாத்தியார்களும் ஏன் இப்படிப் பதறுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை 52ஆம் பிரிவு வரை ஒருமுறை புரட்டினால் பாதிப் பதற்றம் போய்விடும். உரிமையாளரிடம் கேட்காமலே என்னென்ன செய்யலாம் என்று நீளமாகப் பட்டியல் போட்டிருப்பதே அந்தப் பிரிவுதான்.

போன மாதம் நடந்த கதை. வில்லுப்பாட்டில் ஆய்வு செய்யும் மாணவி ஒருத்திக்கு, குமரி மாவட்டத்து நூலகம் ஒன்றில் (எது என்று கேட்காதீர்கள்) பழைய கதைப்பாடல் புத்தகம் ஒன்று கிடைத்தது. ராமபாணப் பூச்சி தின்றது போக மிச்சம். தொட்டால் ஓரம் உதிர்கிறது. மறுபதிப்பு கிடையாது, எந்தக் கடையிலும் வாங்க முடியாது. நாலு பக்கம் ஜெராக்ஸ் கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் காப்பிரைட் பிரச்சினை மக்களே, வேணும்னா இருந்து எழுதிக்கோ" என்று பதில். பாவம், மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுதியிருக்கிறாள்.

பேனாவால் எழுதினாலும் நகல்தான், மெஷினில் போட்டாலும் நகல்தான். ஆய்வுக்கும் சொந்த உபயோகத்துக்கும் நியாயமான அளவில் எடுப்பதைச் சட்டம் குற்றமாகப் பார்ப்பதில்லை. குற்றம் என்றால், எழுதிக்கோ என்று சொன்னவரும் சேர்ந்துல்லா மாட்டணும்!

இன்னொன்று கேளுங்கள். இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத புத்தகத்தை, லாப நோக்கில்லாத பொது நூலகம், பொறுப்பாளர் சொன்னால் போதும், நூலக உபயோகத்துக்கு மூன்று பிரதி வரை முழுசாகவே எடுத்துக்கொள்ளலாம். அச்சுப் பிரதி கையில் இருந்தால், பாதுகாத்து வைப்பதற்காக ஸ்கேன் செய்து வைக்கவும் 2012 திருத்தம் வழி செய்திருக்கிறது. அந்தப் புத்தகம் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டுமா என்பதே சந்தேகம். அதை விட்டுவிட்டு யாருடைய உரிமையைக் காவல் காக்கிறோம்?

வகுப்பறையில் பயமே தேவையில்லை. பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதற்கும், வினாத்தாளில் சேர்ப்பதற்கும் விலக்கு உண்டு. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி என்றொரு ஜெராக்ஸ் கடை, பாடத்திட்டப்படி பல புத்தகங்களின் பகுதிகளைத் தொகுத்து பைண்டு போட்டு விற்றது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூன்றும் சேர்ந்து 2012இல் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தள்ளுபடி செய்தார். கற்பித்தலுக்குத் தேவையான அளவு எடுக்கலாம் என்பதை டிசம்பரில் இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்சும் ஏற்றது. 2017இல் பதிப்பகங்களே வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டன. மார்த்தாண்டத்து ஜெராக்ஸ் கடைக்காரர் பயப்பட வேண்டியது, கைடுகளை அப்படியே அடித்து விற்பதற்கு மட்டும்தான்.

மேற்கோளுக்குப் பத்து சதவீதம் வரை என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. சட்டத்தில் அப்படி ஓர் எண்ணே கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம், மலையாள நாடகாசிரியர் தோப்பில் பாசியின் புகழ்பெற்ற நாடகத்துக்கு சிவிக் சந்திரன் எதிர்நாடகம் எழுதியபோது, மூலத்திலிருந்து நிறையவே எடுத்திருந்தார். எவ்வளவு எடுத்தார், எதற்காக எடுத்தார், மூலத்தின் சந்தைக்குப் போட்டியாகுமா என்று பார்த்த கேரள உயர் நீதிமன்றம், 1996இல் அவர் பக்கம் நின்றது. நாமோ விமர்சனக் கட்டுரையில் சினிமாப் பாட்டு இரண்டு வரி போடவே யோசிக்கிறோம்.

தேரூர் கவிமணி மறைந்தது 1954இல். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு என்ற கணக்குப்படி அவர் பாட்டுகளின் காப்பிரைட் 2014ஓடு முடிந்தது. பள்ளி ஆண்டு மலரில் அவர் பாட்டைப் போட யாரிடம் அனுமதி வாங்கணும் சார் என்று இப்போதும் எனக்கு போன் வருகிறது!

இதையெல்லாம் படித்துவிட்டு, போன புத்தகக் கண்காட்சியில் வந்த நாவலின் பிடிஎஃப்பை வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டு "கல்விக்காக" என்று என் பெயரைச் சொல்லாதீர்கள். கடையில் கிடைக்கும் புத்தகம் அது. தமிழில் எழுதுகிறவருக்கு வருகிற ராயல்டியே கொசுறு, அதையும் பிடுங்க வேண்டாம்.

52ஆம் பிரிவு தமிழில் வேண்டும் என்கிற நூலகர்கள் கமெண்டில் சொல்லுங்கள், அனுப்புகிறேன். சட்டத்தை மறுபதிப்பு செய்யவும் அதே பிரிவில் இடமிருக்கிறது, கூடவே விளக்கவுரை இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் என் குறிப்புகளையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.